சிவப்புக் கரண்டிச் சக்கரம்

தூத்துக்குடி
9 ஜூன் 2024

அன்பு அண்ணனுக்கு,

தங்கச்சி ரேணுகா எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் வாயால் அதைக் கேட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது.

எட்டு ஞாயிறாகப் போன் அடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் எடுக்கிறார்கள். "அவரு கடைக்குப் போயிட்டாரு ரேணு", "இப்பதான் வெளிய போனாரு", "தூங்குறாரும்மா". பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? தேயிலை பேக்டரியில் முப்பத்தோரு வருஷம் மெஷினோடு நின்ற மனுஷன், ரிட்டயர் ஆனபிறகு தூங்கட்டும் என்று முதலில் விட்டேன். இப்போது நம்பிக்கை போய்விட்டது.

மனதில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவள் நான். அதனால் எழுதிவிடுகிறேன். சித்திரை ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உங்களுக்குப் போன் செய்தேன். பாப்பாவுக்கு டெங்கு, ரத்த அணு குறைந்துகொண்டே போகிறது என்று அழுதுகொண்டு சொன்னேன். நீங்கள் "நல்லது நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்று சிரித்தபடி வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்புதான் என் காதில் இருக்கிறது.

பேக்டரியில் உங்களுக்குப் பொன்னாடை போட்ட அன்று நான் வரவில்லை. அங்கன்வாடியில் லீவு கிடைக்கவில்லை. அந்தக் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் ரேணுகா


அரவேணு
20 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி ரேணுகாவுக்கு,

அண்ணன் எல்லப்பன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? உடம்பு தேறிவிட்டதா? எடை எவ்வளவு என்று மறக்காமல் எழுது. இங்கே நாங்கள் சுகம்.

உன் மேல் கோபமா என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்றும் கிடையாது. போனில் எனக்குப் பேச வரவில்லை, அவ்வளவுதான். நீ குன்னூர் ஹாஸ்டலில் படித்தபோது வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவேனே, அதே கைதான் இது. இனிமேல் எழுதிக்கொள்வோம்.

இங்கே ஒரு புது வேலையில் இறங்கியிருக்கிறேன். ஒரு எஸ்டேட்டில் காவல் வேலைக்குக் கூப்பிட்டார்கள், அது எனக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டேன். சும்மா உட்கார்ந்தால் உன் அண்ணி இலை பறிக்கப் போகிறவள் என்னையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அதனால் ஊட்டியில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். அக்வாபோனிக்ஸ் என்று பெயர். பெயர்தான் பெரியது, சமாச்சாரம் சின்னது. தொட்டியில் மீன். மேலே ஜல்லிக் கல் நிரப்பிய அரை டிரம்மில் கீரை. மீன் அசிங்கப்படுத்திய தண்ணீரை ஒரு சின்னப் பம்பு மேலே ஏற்றும். கீரை அதைத் தின்றுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாகக் கீழே விழவிடும். மண் வேண்டாம், உரம் வேண்டாம்.

பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் செய்கிறேன். தேயிலைக்கு அடிக்கிற காப்பர் மருந்து இருந்த டிரம்மைச் சும்மா தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். அந்த வாசம் பட்டாலே மீன் செத்துவிடும். அந்த அளவுக்கு மூளை இருக்கிறது. தொட்டி கட்டி மூன்றாம் நாள் இருபத்தைந்து கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறேன்.

இதுவும் கைகூடவில்லை என்றால் நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். பாப்பாவுக்கு முத்தம்.

அண்ணன்
எல்லப்பன்


தூத்துக்குடி
4 ஜூலை 2024

அன்பு அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பா எடை இருபத்தி நான்கு கிலோ. அங்கே குளிர் எப்படி?

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது மீன். சித்திரை ஒன்றாம் தேதியைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கட்டும்.

பாப்பா இருபத்தைந்து மீனுக்கும் பெயர் வைத்து ஒரு தாள் எழுதியிருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் நாளே மீன் விடலாம் என்று பயிற்சியில் சொன்னார்களா? புது வீட்டுக்கே பால் காய்ச்சி நாலு நாள் கழித்துத்தானே குடிபோகிறோம். தெரியாமல்தான் கேட்கிறேன்.

அண்ணியின் முழங்கால் வலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

ரேணுகா


அரவேணு
28 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளை மனோகரன் துறைமுக வேலைக்குப் போய்வருகிறாரா? அவரைக் கேட்டதாகச் சொல். தைலம் வந்தது. உன் அண்ணி அதைத் தேய்த்துக்கொண்டு உன்னைப் புகழ்கிறாள், என்னைத் திட்டுகிறாள்.

பாப்பா பெயர் வைத்த மீன்கள் ஒன்றும் இல்லை. பெயர் வந்து சேர்வதற்குள் போய்விட்டன. அவளிடம் பக்குவமாகச் சொல்.

பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஞானசீலன், கேத்தியில் கேரட் விவசாயம் பார்க்கிறவர், ஒரு வேலையாகக் கோத்தகிரி வந்தவர் அப்படியே இங்கே வந்து தொட்டியைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க எல்லப்பண்ணா, மீனு உடறதுக்கு முன்னாடி மாசக் கணக்கா வெறும் தண்ணிய ஓட்டோணும்னு மூணு வாட்டி சொன்னாங்களே, நீங்க முன்னாலதானுங்க உக்காந்திருந்தீங்க?" என்றாராம். உன் அண்ணி பிறகு சொன்னாள். நான் ஏதோ யோசனையில் இருந்திருப்பேன்.

நல்ல மனுஷன். நான் முழித்ததைப் பார்த்து, ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிட்டார். ஜல்லிக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் குடியேற வேண்டுமாம். அதுதான் மீன் கழிவில் இருக்கிற அம்மோனியா விஷத்தைக் கீரைக்கு உணவாக மாற்றுகிறதாம். நம் குளிரில் அது வந்து சேர ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். உன் பால் காய்ச்சுகிற கதை சரியாகத்தான் இருந்தது.

இன்னொரு சங்கடம். தண்ணீரின் புளிப்பைக் காட்டுகிற கலர் பேப்பரை நனைத்தால் பச்சைக்கு வராமல் மஞ்சளாகவே நிற்கிறது. நம் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை, அதனால் புளித்துப்போகிறது. கடல் சிப்பியை ஒரு பையில் கட்டித் தொட்டியில் போட்டால் சரியாகும் என்று எழுதியிருக்கிறார். கடல் பக்கத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முடிந்தால் அனுப்பு.

அண்ணன்
எல்லப்பன்


தூத்துக்குடி
14 ஆகஸ்ட் 2024

அன்பு அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். அண்ணியும் நீங்களும் மழையில் நனையாமல் இருங்கள்.

ஆறு கிலோ சிப்பி பார்சலில் வருகிறது. மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை பொறுக்கினார்கள். பாப்பா அழவில்லை. அடுத்த மீன்களுக்கும் அதே பெயர்களை வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நீங்கள் எழுதிய ஹாஸ்டல் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு எழுதியவை, தேயிலைத் தூள் வாசம் அடிக்கும். அந்தக் கடிதங்கள் இல்லை என்றால் நான் ஒன்பதாம் வகுப்பிலேயே எஸ்டேட் லயத்து வீட்டுக்கு ஓடி வந்து இலை பறிக்கப் போயிருப்பேன். அதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. நேரில் பேசும்போது இதெல்லாம் வாயில் வராது.

ஆனாலும் அண்ணா, குரல் வேறு, கடிதம் வேறு. ஒரே ஒரு ஞாயிறு போனை எடுத்து "ம்" என்றாவது சொல்லுங்கள்.

ரேணுகா


அரவேணு
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? இங்கே சுகம், சந்தோஷம். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உன் சிப்பிப் பையைத் தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிட்டேன். பத்தே நாளில் கலர் பேப்பர் பச்சைக்கு வந்தது. ஆறாவது வாரம் அம்மோனியா காட்டுகிற தாள் நிறம் மாறவே இல்லை, விஷம் போய்விட்டது. கேத்திக்குப் பஸ் ஏறிப் போய் ஞானசீலனிடம் இரண்டு தாளையும் காட்டினேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன வாரம் நாற்பது குஞ்சு விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. கல்லில் புதினா, லெட்டூஸ், செலரி வைத்திருக்கிறேன். புதினா நம் தோட்டத்து மண்ணில்கூட இப்படித் தழைத்ததில்லை. முதல் கட்டைப் பக்கத்து வீட்டு ஆண்டாயிக்குக் கொடுத்தேன், இரண்டாவது ஞானசீலனுக்கு. உனக்கு அனுப்ப வழி இல்லையே என்றுதான் குறை.

விடிந்ததும் ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு தொட்டி ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எனக்கும் அதற்கும் நன்றாக ஒத்துப்போகிறது. வேலை முடிந்துபோன ஆள் என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி. இப்போது அப்படி இல்லை. உனக்கும் சிப்பி பொறுக்கிய பிள்ளைகளுக்கும் கோடி நன்றி.

அண்ணன்
எல்லப்பன்


அரவேணு
24 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது, தபால் தங்கியிருக்கும். எல்லோரும் நலம்தானே?

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. காலையில் உன் அண்ணி இலைக்குப் போனாள். வெயிலைக் கண்ட குஷியில் மீனுக்கு இரண்டு கை தீனியைக் கூடுதலாகவே அள்ளிப் போட்டேன். பிறகு தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விறகு பிளந்தேன். அரிவாளுக்குப் பிடி போட்டேன். மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து சோறு தின்றேன். தொட்டி எனக்கு நாலடி பின்னால்தான் இருந்தது.

நாலு மணிக்கு உன் அண்ணியும் ஆண்டாயியும் ரோட்டு வளைவில் வந்திருக்கிறார்கள். அங்கேயே கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள் உன் அண்ணி. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் நின்றுபோயிருந்தது. தீனிப் பையின் கிழிந்த பிளாஸ்டிக் பம்புக்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. மீன் எல்லாம் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நாற்பதில் இருபத்து மூன்று போய்விட்டது.

ரோட்டு வளைவில் வந்த பொம்பளைக்குத் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்த தடியனுக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சம் பதினேழு. அதையும் ஞானசீலனிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிடலாம் என்று இருக்கிறேன். இது எனக்கு ஆகிற வேலை இல்லை.

எல்லப்பன்


தூத்துக்குடி
8 டிசம்பர் 2024

என் அன்பு அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இந்தப் பதில்.

தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். பதினேழு மீனையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

பார்சலில் ஒரு சக்கரம் வருகிறது. சைக்கிள் கம்பியில் பிளாஸ்டிக் கரண்டிகளைக் கோத்து உங்கள் மாப்பிள்ளை செய்தது. சிவப்பு நெயில் பாலிஷ் நானும் பாப்பாவும் பூசியது. மேலிருந்து தண்ணீர் விழுகிற குழாய்க்கு நேர் கீழே தொட்டி விளிம்பில் பொருத்துங்கள். தண்ணீர் விழுகிற வரை சுற்றும். சும்மா, ஒரு அழகுக்குத்தான்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்க மாட்டேன் அண்ணா. எழுதுகிறேன்.

உங்கள் ரேணுகா


அரவேணு
16 ஜனவரி 2025

என் உயிர்த் தங்கச்சிக்கு,

பொங்கல் வாழ்த்து. மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் என் ஆசி. நாங்கள் சுகம். பதினேழு மீனும் சுகம்.

வெறும் அழகுக்கு ஒரு சாமானைப் பார்சல் கட்டி அனுப்புகிற ஆள் நீ இல்லை. பெட்டியைப் பிரித்து அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எனக்குக் காது கேட்கவில்லை, ரேணு. நாலைந்து வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது. இலை உருட்டுகிற மெஷின்கள் இரைகிற ரோலிங் ரூமில் நின்றவர்களுக்கு இது சகஜம்தான். ரிட்டயர் ஆகும்போது சுத்தமாக அடைத்துவிட்டது. டாக்டர், நரம்பு போய்விட்டது என்று எழுதிக் காட்டினார். ஒரு மெஷின் மாட்டிப் பார்த்தார்கள், திரும்ப ரோலிங் ரூமுக்குள் போனது போல இரைச்சல்தான் வந்தது, கழற்றி வைத்துவிட்டேன். உதட்டைப் பார்த்துச் சமாளித்து வந்தேன். காவல் வேலை வேண்டாம் என்றதும் அதனால்தான். பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்ததும் அதனால்தான். போனில் உதடு ஏது?

சித்திரை ஒன்றாம் தேதி நீ அடித்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். போன் நடுங்கியது, உன் பெயர் தெரிந்தது, எடுத்தேன். வருஷப் பிறப்புக்கு வாழ்த்துச் சொல்கிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டு நல்லது, சந்தோஷம் என்றேன். சிரித்தேன். மறுநாள் மாப்பிள்ளை உன் அண்ணியிடம் பேசியபிறகுதான் நீ என்ன சொன்னாய் என்று தெரிந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று சொன்னவளிடம் நான் சிரித்திருக்கிறேன். அடுத்த நாளே மேட்டுப்பாளையம் வரை இறங்கி வந்தேன், உன்னைப் பார்க்க. பஸ் ஸ்டாண்டில் நின்று, என்ன முகத்தோடு வருவது என்று தெரியாமல் மறுபடி மலை ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன் அண்ணியிடம் சத்தியம் வாங்கினது நான்தான். அவள் மேல் வருத்தப்படாதே.

கோபக்காரன் என்று நீ நினைத்தாலும் நினைத்துக்கொள், செவிடன் என்று நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உன் சக்கரம் காட்டிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை செலரி நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணோரத்தில் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு நின்றது. ஓடினேன். கரண்ட் போயிருந்தது. வாளியால் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே நின்றேன், கரண்ட் வரும்வரை ஐம்பது நிமிஷம். தோள் விட்டுப்போயிற்று. ஒரு மீன்கூடச் சாகவில்லை. உன் அண்ணி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சக்கரத்தைக் காட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி.

சிப்பிக்கு நன்றி சொன்னேன், அது சின்ன நன்றி. இத்தனையும் தெரிந்த பிறகு ஒரு கேள்வி கேட்காமல் விட்டாயே, அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. பாப்பாவிடமும் நீயே சொல்லிவிடு.

உன் அண்ணன்
எல்லப்பன்


தூத்துக்குடி
30 ஜனவரி 2025

என் அண்ணனுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். பாப்பா இருபத்தி ஆறு கிலோ.

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான். அக்டோபரில் அவ்வளவு சந்தோஷமாக எழுதினீர்கள், நான் பதில் போடவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் அது பொய். வீம்புதான். சித்திரை ஒன்றாம் தேதியைப் பற்றி எழுதட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். நவம்பர் கடிதம் வந்தது. நாலடி பின்னால் தண்ணீர் நின்றது தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரோட்டு வளைவிலேயே அண்ணிக்குத் தண்ணீர்ச் சத்தம் நின்றது தெரிந்திருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. பயிற்சி, காவல் வேலை, ஞானசீலன் எழுதிக் கொடுத்த தாள், எல்லாம். ஏழு மாதம் உங்களைத் திட்டிக்கொண்டிருந்த வாய் இது.

நீங்கள் சக்கரத்தை மெச்சி எழுதியிருக்கிறீர்கள், அதனால் அது செய்த கதையைச் சொல்கிறேன். முதலில் வெள்ளைக் கரண்டிதான். வாசல் குழாயடியில் அதை மாட்டினோம். நான் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டையும் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். உங்கள் மாப்பிள்ளை எனக்குத் தெரியாமல் குழாயை மூட வேண்டும், நான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தடவை ஏமாந்தேன். இரண்டாவது தடவை கீரை முழுவதும் ஆய்ந்து முடித்து நிமிர்ந்தால், இவரும் பாப்பாவும் எதிரே நின்று சிரிக்கிறார்கள். சிரிப்பது தெரிகிறது, சத்தம் இல்லை. எனக்கு உங்கள் ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. அதன்பிறகுதான் சிவப்பு பூசினோம். ஆறு தடவை மூடினார், ஆறும் பிடித்துவிட்டேன். அப்புறம்தான் பார்சல் கட்டினேன்.

மே மூன்றாம் தேதி வருகிறோம். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி அரவேணுவில் பத்து மணிக்கு இறங்குவோம். காது டாக்டர் விஷயமாக உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதை நேரில் உதடு தெரியப் போட்டுக்கொள்ளலாம். பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, முன்னால் போய் நின்றுதான் பேச வேண்டும் என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாம் அண்ணா. தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நாங்கள் சக்கரத்துக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறோம்.

அண்ணிக்கும் பதினேழு மீன்களுக்கும் அன்பு.

உங்கள் தங்கச்சி
ரேணுகா